உங்களுக்குத் தெரியுமா? கோடு போட்டால் சைக்கிள் பாதை ஆகிவிடுமா?

சாலையோரமாக ஒரு வெள்ளைக் கோடு, அதற்குள் ஒரு சைக்கிள் படம். உலகெங்கும் நகர நிர்வாகங்களுக்குப் பிடித்தமான சாலைச் சீர்திருத்தம் இதுதான். செலவு குறைவு, ஓரிரு இரவுகளில் வேலை முடிந்துவிடும், மறுநாளே ரிப்பன் வெட்டலாம். கோட்டுக்குள் மிதித்துக்கொண்டு போகிறவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது?

● அமெரிக்காவில் முதன்முதலாகச் சைக்கிளுக்குக் கோடு போட்ட ஊர் நியூயார்க்கும் இல்லை, சான் பிரான்சிஸ்கோவும் இல்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் டேவிஸ் என்ற பல்கலைக்கழக ஊர். வருடம் 1967. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த நகர்மன்றத் தேர்தலில் சைக்கிள் பாதைதான் பெரிய பேச்சு. அதை ஆதரித்தவர்கள் ஜெயித்து வந்து சொன்னபடி செய்தார்கள். மேடுபள்ளம் இல்லாத ஊர், அகலமான தெருக்கள், சைக்கிளிலேயே வகுப்புக்குப் போகும் மாணவர் கூட்டம். அங்கே கோடு நன்றாகவே வேலை செய்தது. பிறகு வந்த ஊர்கள் டேவிஸிடமிருந்து கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டன.

● கோடு இருந்தால் கார்கள் தள்ளிப் போகும் என்றுதானே நினைப்போம்? மெல்போர்னில் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை அளந்தே பார்த்துவிட்டார்கள். 60 பேரின் சைக்கிள்களில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்தி, வண்டிகள் அவர்களை ஓவர்டேக் செய்த 18,527 தருணங்களைப் பதிவு செய்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. கோடும் இல்லாமல், ஓரத்தில் நிறுத்திய கார்களும் இல்லாத சாலையோடு ஒப்பிட்டால், சைக்கிள் கோடு போட்ட சாலையில் வண்டிகள் சராசரியாக 27 செ.மீ. கூடுதல் நெருக்கத்தில் கடந்து போயின. கோடும் இருந்து ஓரத்தில் கார்களும் நின்றிருந்தால் 40 செ.மீ. ஏறக்குறைய 17 ஓவர்டேக்குக்கு ஒன்று, ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நடந்தது.

இது ஏன் என்று யோசித்தால் அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது. கோடு இல்லாத சாலையில் காரோட்டி முன்னால் போகும் மனிதரைப் பார்த்து ஸ்டியரிங்கை வளைக்கிறார். கோடு வந்ததும் கண் மனிதரிடமிருந்து கோட்டுக்குப் போய்விடுகிறது. அது அவர் இடம், இது என் இடம். என் இடத்தின் விளிம்புவரை நான் போகலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹேண்டில்பார் எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்பது அவர் கணக்கில் வருவதே இல்லை.

● இதே மாதிரி அளவெடுப்பை 2006-லேயே இங்கிலாந்தில் செய்தவர் இயன் வாக்கர் என்ற உளவியல் ஆய்வாளர். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனால் வண்டிகள் சராசரியாக 8.5 செ.மீ. நெருங்கி வந்தன. நீளமான டோப்பா வைத்துக்கொண்டு பின்னாலிருந்து பெண்போலத் தெரிந்தபோது தள்ளிப் போயின. ஆய்வு நடந்த நாட்களில் ஒரு பேருந்தும் ஒரு லாரியும் அவரை இடித்தன. இரண்டு தடவையும் தலையில் ஹெல்மெட் இருந்தது! (ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விழுந்தால் அது வேண்டும்.)

● கனடாவின் டொரன்டோ, வான்கூவர் நகரங்களில் சைக்கிளிலிருந்து விழுந்தும் மோதியும் மருத்துவமனைக்கு வந்த 690 பேரிடம், எந்த இடத்தில் அடிபட்டது என்று விசாரித்தார்கள். 2012-ல் வெளிவந்த அந்த ஆய்வு, ஓரத்தில் கார்கள் நிற்கும் பெரிய சாலையை அளவுகோலாக வைத்தது. போக்குவரத்திலிருந்து கட்டுமானத்தால் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையில் காயம்படும் ஆபத்து, அந்தச் சாலையில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான்.

● அமெரிக்காவின் 12 பெரிய நகரங்களில் 13 ஆண்டு விபத்துக் கணக்கைப் புரட்டிய இன்னொரு ஆய்வு 2019-ல் வந்தது. தடுப்போடு கூடிய சைக்கிள் பாதைகள் அதிகமுள்ள நகரங்களில் சாலை மரணம் குறைவு. சைக்கிளில் போகிறவர்களுக்கு மட்டுமல்ல. காரில் போகிறவர்கள், நடப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான். பாதை பிரிந்ததும் சாலை குறுகி வேகம் அடங்குகிறது என்பது சொல்லப்படும் காரணம். வெறும் பெயின்ட் கோட்டுக்கு அந்தப் பலன் தென்படவில்லை.

● கோடுகூட இல்லாமல், கார் ஓடும் தடத்திலேயே சைக்கிள் படமும் அதன்மேல் இரண்டு அம்புக்குறியும் வரைந்துவிட்டுப் போகும் வழக்கமும் அமெரிக்காவில் உண்டு. சிகாகோவில் ஆராய்ந்தபோது, அம்பு வரைந்த தெருக்களில் காயம்படும் விகிதம் குறைந்த அளவு, எதுவுமே செய்யாமல் விட்ட தெருக்களில் குறைந்த அளவைவிடவும் சின்னது. படம் வரைந்ததற்கு வரையாமலே இருந்திருக்கலாம்.

● லண்டனின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேயர் போரிஸ் ஜான்சன் காலத்தில், 2010 ஜூலையில் 'சைக்கிள் சூப்பர் ஹைவே' என்ற பெயரில் முதல் இரண்டு பாதைகள் திறக்கப்பட்டன. பெயர்தான் பெரிது. பல இடங்களில் சாலையோரமாகப் பளிச்சென்று நீலப் பெயின்ட் பட்டை, அவ்வளவுதான். அதே நீலம், செலவில் பங்கெடுத்த பார்க்ளேஸ் வங்கியின் நிறமும்கூட.

அதே மாதிரி இன்னொரு நீலத் தடம் போய்ச் சேர்ந்தது, கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் இருக்கும் பெரிய ரவுண்டானாவுக்கு. 2011-ல் அங்கே சைக்கிளில் போன இருவர் லாரி மோதி இறந்தார்கள். அந்தத் தடத்தில் நடந்த மரணங்களை 2013-ல் விசாரித்த மரண விசாரணை அதிகாரி, நீலப் பட்டை சைக்கிள் ஓட்டிகளுக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தந்துவிடக்கூடும் என்று எச்சரித்தார். அடுத்த மாதமே பேரிடி. 2013 நவம்பர் 5 முதல் 18 வரையிலான இரண்டு வாரங்களுக்குள் லண்டனில் சைக்கிளில் போன ஆறு பேர் பலியானார்கள். அதற்கப்புறம் சிமென்ட் திட்டு போட்டுப் பிரித்த பாதைகள் பரவலாக வந்தன. போ செல்லும் தடமும் 2016 வாக்கில் அப்படி மாற்றிக் கட்டப்பட்டது. தேம்ஸ் கரையோரம் போகும் புதிய பாதையில் சாதாரணக் கறுப்புத் தார்தான். ஆனால் சாலைக்கும் அதற்கும் நடுவே திட்டு இருக்கிறது. பார்வைக்கு எடுப்பாக இருந்த நீலம் போய், பார்வைக்குச் சாதாரணமான சிமென்ட் வந்து வேலை செய்தது.

● இதன் தொடர்ச்சி: 2020-ல் பிரிட்டிஷ் அரசு சைக்கிள் பாதைகளுக்கான புதிய கொள்கையை வெளியிட்டபோது, பெரும்பாலும் பெயின்ட்டை மட்டுமே நம்பிய திட்டங்களுக்குப் பணம் கிடையாது என்று எழுதியே வைத்தது. அப்போது பிரதமர் யார் தெரியுமா? அதே போரிஸ் ஜான்சன்.

● சைக்கிள் விபத்துகள் அதிகம் குவிவது நேர்ச் சாலையில் அல்ல, சந்திப்புகளில். நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில், நேராகப் போகும் சைக்கிளை லாரியோ பேருந்தோ இடதுபுறம் திரும்பும்போது அடித்துவிடுவது பெரிய எமன். ஓட்டுநரின் இருக்கை உயரத்தில், வலது ஓரத்தில். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாத மூலையில். ஓரமாகப் போகும் கோடு, சைக்கிளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சரியாக அந்த மூலையில் நிறுத்துகிறது.

நெதர்லாந்தில் இதற்கு ஒரு தீர்வு உண்டு. சந்திப்பு வந்ததும் சைக்கிள் பாதையைச் சாலையிலிருந்து ஒரு கார் நீளத்துக்கு உள்ளே தள்ளிவிடுவார்கள். மூலையில் சின்னதாக ஒரு திட்டு. திரும்பும் வண்டி வேகம் குறைத்து, முக்கால்வாசி திரும்பிய பிறகுதான் சைக்கிள் பாதையைக் கடக்கும். அப்போது வண்டி ஓட்டுநரின் கண்ணாடிக்கு நேரெதிரே சைக்கிள் இருக்கும்.

● சரி, சந்திப்பில் பெயின்ட் அடித்தால்? கோபன்ஹேகனில் சிக்னல் சந்திப்புகளில் சைக்கிள் கடக்கும் தடத்துக்கு நீலம் பூசுவது வழக்கம். அதன் விளைவை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு வேடிக்கையான கணக்கைத் தருகிறது. சந்திப்பில் ஒரே ஒரு தடத்துக்கு நீலம் பூசினால் விபத்து 10 சதவிகிதம் குறைந்தது. இரண்டுக்குப் பூசினால் 23 சதவிகிதம் கூடியது. நான்கு பக்கமும் பூசினால் 60 சதவிகிதம் கூடியது! எல்லாப் பக்கமும் நிறம் இருந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று ஓட்டுநர் திணறுகிறார்.

● நிறத்திலும் நாட்டுக்கு நாடு வழக்கம் உண்டு. டென்மார்க் நீலம், நெதர்லாந்து சிவப்பு, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பச்சை. அமெரிக்காவில் முதலில் நீலத்தை முயன்று பார்த்தது போர்ட்லாண்ட் நகரம். ஆனால் அந்நாட்டுச் சாலை விதிகளில் நீலம் மாற்றுத்திறனாளிகளின் பார்க்கிங்குக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் பச்சை. 2011-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது.

● நெதர்லாந்தின் சிவப்பு பல இடங்களில் பெயின்ட்டே இல்லை. இரும்பு ஆக்சைடு கலந்த தார்க்கலவை. மேலே பூசியது அல்ல, அடி வரை சிவப்பு. தேய்ந்தாலும் நிறம் போகாது. மழையில் வழுக்காது.

வழுக்குவது என்பது சின்ன விஷயம் அல்ல. சாலைக் கோடுகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக். இரவில் விளக்கொளியைத் திருப்பி அனுப்பக் கண்ணாடி மணிகளை அதில் தூவுவார்கள். நான்கு சக்கரக்காரருக்கு அதனால் நன்மை மட்டுமே. ஆனால் சரளைக்கல் துருத்தி நிற்கும் தாரின் பிடிப்பு அதற்குக் கிடையாது. முதல் மழையில், புழுதி படிந்த கோட்டின்மேல் சைக்கிளைச் சாய்த்துத் திருப்பினால் என்ன ஆகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

● சாலையின் குப்பை எங்கே போகிறது? கார்கள் ஓடும் தடத்தை அவற்றின் டயர்களும் காற்றுமே பெருக்கிவிடும். மணல், ஆணி, உடைந்த பாட்டில், இலைச்சருகு எல்லாம் ஓரம் ஒதுங்கும். அந்த ஓரத்துக்குத்தான் சைக்கிள் பாதை என்று பெயர். மழைநீர் வடியும் இரும்புச் சல்லடை மூடியும் அங்கேதான். அதன் கம்பிகள் போகும் திசைக்கு இணையாக இருந்தால் மெல்லிய சைக்கிள் சக்கரம் இடுக்கில் இறங்கி ஆளைத் தலைகுப்புறத் தூக்கி எறிந்துவிடும். மூடியைத் திருப்பிப் போட்டாலே போதும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஓர் இன்ஜினீயர் வேண்டும்.

● கேசி நைஸ்டாட் என்ற நியூயார்க் வீடியோக்காரருக்கு 2011-ல் 50 டாலர் அபராதம். குற்றம்: சைக்கிள் பாதையை விட்டு வெளியே ஓட்டியது. 'பாதைக்குள் எப்போதும் இடம் இருப்பதில்லையே' என்று அவர் சொன்னது எடுபடவில்லை. வீட்டுக்குப் போனார், கேமராவை எடுத்தார், கோட்டை விட்டு ஓர் அங்குலம் விலகாமல் ஓட்டினார். கட்டுமானத் தடுப்பு, நிறுத்தியிருந்த டாக்ஸி, லாரி என்று வழியில் நின்ற அத்தனையிலும் நேராகப் போய் மோதி விழுந்தார். கடைசியாக மோதியது சைக்கிள் பாதையில் நின்றிருந்த போலீஸ் காரில். வீடியோவைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில்.

● ஜெர்மனியில் இது நீதிமன்றம் வரை போனது. சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் ஓட்டியாக வேண்டும் என்று நகரங்கள் நீல நிறப் பலகையை இஷ்டத்துக்கு நட்டுவந்தன. அந்தச் சாலையில் வழக்கத்தை மீறிய ஆபத்து இருந்தால் மட்டுமே அப்படிக் கட்டாயப்படுத்தலாம் என்று 2010 நவம்பரில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

● ஒரு பெயின்ட் டப்பாகூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் கோட்டைப் பாதுகாப்பானதாக்க முடியுமா? முடியும். வரிசையை மாற்றினால் போதும். வழக்கமான வரிசை: நடைபாதை, நிறுத்திய கார்கள், சைக்கிள், ஓடும் கார்கள். நியூயார்க்கின் ஒன்பதாவது அவென்யூவில் 2007-ல் இதை நடைபாதை, சைக்கிள், நிறுத்திய கார்கள், ஓடும் கார்கள் என்று மாற்றினார்கள். நின்றுகொண்டிருக்கும் கார்களே சுவராகிவிட்டன. வழக்கமான வரிசை, சைக்கிள் ஓட்டிகளின் ரத்தத்தால் நிறுத்திய கார்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

● 2013 ஏப்ரலில் சியாட்டில் நகரின் செர்ரி தெருவில் ஒரு காலை, சைக்கிள் கோட்டின்மேல் வரிசையாகப் பிளாஸ்டிக் குச்சிகள் முளைத்திருந்தன. நட்டவர்கள் பெயர் சொல்லவில்லை. ஆனால் நகராட்சிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள்: எளிதில் பிய்த்து எடுக்கக்கூடிய பசைதான் போட்டிருக்கிறோம், பாதுகாப்பு எவ்வளவு மலிவு என்று காட்டத்தான் செய்தோம், சங்கடத்துக்கு மன்னிக்கவும். அதிகாரி விதிப்படி குச்சிகளை அகற்றினார். பிறகு நன்றி சொல்லி, வேண்டுமானால் குச்சிகளைத் திருப்பித் தருகிறோம் என்று பதில் எழுதினார். சில மாதங்களில் நகராட்சியே அங்கே நிரந்தரமாகக் குச்சிகளை நட்டது. நம் ஊரில் நட்டிருந்தால் முதலில் யார்மேல் வழக்குப் போடுவது என்று யோசித்திருப்பார்கள்.

● 2017-ல் விச்சிட்டா, பிராவிடன்ஸ் ஆகிய அமெரிக்க ஊர்களில் ஆர்வலர்கள் இன்னும் மலிவான வழி கண்டுபிடித்தார்கள். கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கப் வைத்த குச்சிகளைக் கோட்டின்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். கார்கள் விலகிப் போயின.

● யார் அந்தக் கோட்டுக்குள் ஓட்டுகிறார்கள்? போர்ட்லாண்ட் நகராட்சி அலுவலர் ரோஜர் கெல்லர் 2006 வாக்கில் ஊர்மக்களை நான்காகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் பயமில்லாமல் ஓட்டுபவர்கள் 1 சதவிகிதத்துக்கும் கீழே. கோடு இருந்தால் ஓட்டுவோம் என்பவர்கள் சுமார் 7. எப்படிச் செய்து கொடுத்தாலும் மாட்டோம் என்பவர்கள் சுமார் 33. மிச்சம் 60 சதவிகிதம், 'ஆசைதான், ஆனால் பயமாக இருக்கிறது' என்பவர்கள். ஏழு பேருக்காகப் போட்ட கோட்டைக் காட்டி, 'பாதை போட்டும் யாரும் வரவில்லையே' என்று அறுபது பேரைக் குறை சொல்வதுதான் பல ஊர்களில் நடக்கிறது.

● அந்த அறுபது பேர் வருவார்களா என்று கேட்டால் ஸ்பெயினின் செவில் நகரைக் காட்டலாம். 2006-07 வாக்கில், கார் பார்க்கிங்குக்கு இருந்த இடத்தை எடுத்து, சுமார் 80 கி.மீ. பாதையை ஏறக்குறைய 18 மாதங்களில் கட்டினார்கள். பச்சைத் தரை, ஓரத்தில் குட்டையான தடுப்பு, ஒன்றோடொன்று தொடர்ச்சியான இணைப்பு. துண்டு துண்டாகப் போட்டால் கண்ணி அறுந்த சங்கிலிதான் மிஞ்சும் என்று ஒரே மூச்சில் போட்டார்கள். சைக்கிள் பயணம் சில ஆண்டுகளில் பல மடங்கானது. வெயிலுக்குப் பேர்போன ஊர் அது. 'நம்ம வெயிலுக்கு யார் சார் சைக்கிள் மிதிப்பாங்க?' என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

● 2020 கொரோனா காலத்தில் பெர்லின், பாரிஸ் போன்ற நகரங்கள் தடுப்புக்குச்சிகளை வைத்து ராவோடு ராவாகத் தற்காலிகப் பாதைகளை உண்டாக்கின. 106 ஐரோப்பிய நகரங்களின் கணக்கைப் பார்த்த ஆய்வு, அப்படிப் பாதை போட்ட இடங்களில் சைக்கிள் ஓட்டம் 11 முதல் 48 சதவிகிதம் வரை கூடியதாகச் சொன்னது.

● வெறும் கோடு போதுமான இடமும் உண்டு. வண்டிகள் குறைவான, மெதுவான தெரு. நெதர்லாந்தில் அப்படிப்பட்ட சாலைகளில் நடுக்கோட்டையே அழித்துவிடுவார்கள். இரண்டு ஓரமும் அகலமான சிவப்புப் பட்டை சைக்கிளுக்கு. நடுவில் ஒரே ஒரு தடம், இரு திசையிலும் வரும் கார்களுக்கு. எதிரே கார் வந்தால் சைக்கிள் இல்லாத இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட வேண்டும். யோசித்து ஓட்ட வேண்டியிருப்பதால் வேகம் தானே குறைகிறது.

நெதர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே இப்படி என்று நினைக்க வேண்டாம். 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் எல்லாம் மாறியது.

● இருட்டில் ஒளிரும் பாதையும் இருக்கிறது. ஓவியர் வான்கோ வாழ்ந்த, நெதர்லாந்தின் நூனன் ஊரில் 2014-ல் திறந்த சைக்கிள் பாதையில், பகல் வெளிச்சத்தை வாங்கி இரவில் ஒளிரும் கற்களை அவருடைய நட்சத்திர இரவு ஓவியச் சாயலில் பதித்திருக்கிறார்கள்.

● நம் நாட்டுக்கு வருவோம். சைக்கிள் பாதையை எப்படி அமைப்பது என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தர விதி வெளியிட்டது 1962-லேயே. சைக்கிளுக்கென்று பாதை இருந்தால், சீருடையில் இருக்கும் காவலரின் அனுமதி இல்லாமல் மோட்டார் வண்டி அதில் நுழையக் கூடாது என்று 1989 சாலை விதிகளின் 11-ஆவது விதி சொன்னது. காகிதத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல.

டெல்லியில் 2008-ல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கி.மீ. பேருந்துத் தடத்தோடு சைக்கிள் பாதையும் தனியாகக் கட்டினார்கள். நெரிசல் நேரத்தில் அதில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. 2016-ல் தடத்தையே இடித்துவிட்டார்கள். திட்டு கட்டிப் பிரித்த பாதைக்கே இந்தக் கதி. வெள்ளைக் கோட்டை பைக்கும் ஷேர் ஆட்டோவும் தள்ளுவண்டியும் மதிக்கும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படி. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே நிறைவேற்றியது. நடைபாதைகள் பல சாலைகளில் அகலமாயின. சைக்கிளுக்குத் தொடர்ச்சியான பாதை இன்னும் வரவில்லை. பேப்பர் போடும் பையனும் இரவுக் காவலாளியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் எந்தக் கோடும் இல்லாமல்தான் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

● ஆக, கோடு போடுவது அரசாங்கத்தின் வேலை. உங்கள் கையில் இருக்கும் வேலை ஒன்று உண்டு. ஓரமாக நிறுத்திய காரின் கதவு விசுக்கென்று திறப்பது, சைக்கிளில் வருபவர் அடிபடும் முக்கியக் காரணங்களில் ஒன்று. கதவு முழுசாகத் திறந்தால் சுமார் ஒரு மீட்டர் நீளும். வழக்கமான சைக்கிள் கோட்டின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். கதவுக்கு அருகில் இருக்கும் கையால் திறக்காமல், அடுத்த கையால் திறங்கள். அப்போது உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், வருகிற ஆள் தெரிவார். நெதர்லாந்துக்காரர்களின் பழக்கம் என்று பேர்பெற்ற இதை, பிரிட்டன் 2022-ல் தன் சாலை விதிப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டது. நம் ஊர் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடது கை. இடப்பக்கம் இறங்குகிறவர்கள் வலது கை. அடுத்த தடவை இறங்கும்போது செய்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.